நண்பகலில் அளந்த பாதை

சித்திரை வெயிலில் மேல்நிலைத் தொட்டியின் இரும்பு ஏணி கையைச் சுடும். துண்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டுதான் ஏறுவோம். மேலே ஒருவர் அலுமினியக் கம்பத்தை நிமிர்த்திப் பிடிப்பார், இன்னொருவர் யாகி ஆன்டெனாவைத் திசை பார்த்துத் திருப்புவார். நான் அளவுகருவியோடு நிழல் தேடி உட்கார்ந்திருப்பேன். 22 கிலோமீட்டருக்கு அப்பால், நீரேற்று நிலையத்தில் நிற்கும் குழு ரேடியோவை இயக்கும். திரையில் ஓர் எண் வந்து நிற்கும். அன்று வந்தது மைனஸ் 84. படிவத்தில் அதை எழுதி, எதிரே ‘நன்று’ என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். மணி பன்னிரண்டரை. இறங்கி வந்து இளநீர் குடித்தோம்.

அந்தப் படிவத்தை நம்பித்தான் தொட்டியின் நீர்மட்டம் ரேடியோ வழியாக நீரேற்று நிலையத்துக்குப் போகும் ஏற்பாடு அமைந்தது. மட்டம் இறங்கினால் மோட்டார் ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும். நடுவில் செய்தி அறுந்தால் ஒன்று தொட்டி வழியும், அல்லது ஊர் வறளும். அது ஓடத் தொடங்கி ஆறேழு மாதம் கழித்து, தை மாதத்தில் செய்தி அறுந்தது. ஒரு நாள் அல்ல, பல நாள். புகார் வந்ததும் கோப்பை எடுத்துப் பார்த்த அதிகாரி, “சோதனை அறிக்கை நன்றாகத்தானே இருக்கிறது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. எண்ணில் பொய் இல்லை. அளந்ததிலும் பிழை இல்லை. ஆனால் அந்த எண்ணுக்கு நாங்கள் கொடுத்த பொருள் தவறு என்பதை அப்போதுதான் முதன்முதலாக உணர்ந்தேன்.

ரேடியோ பாதைச் சோதனை என்ற இந்த வழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் அதற்குரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். இதைத் தேவையற்ற செலவு என்று ஒதுக்கிவிட்டு, கணினி வரைபடத்தை மட்டும் நம்பிக் கோபுரம் நடுகிறவர்கள் இன்று பெருகி வருகிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மேசைக் கணக்கு எளிமையானது. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைப் பட்டை 2005-இல் உரிமம் வாங்காமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. 2021-இல் அதன் மேல் எல்லை 868 ஆனது. ஒரு வாட் திறனுள்ள ரேடியோக்கள் இதில் இயங்கலாம். இரண்டு இடங்களுக்கு நடுவே 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் என்பது 30 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டைச் சுழியாக வைத்து எண்ணும் அளவில் 30. இரு முனையிலும் 8 டெசிபல் பெருக்கம் உள்ள ஆன்டெனா. இரு முனையிலும் கேபிள் தின்பது 2 டெசிபல். நடுவில் வெறும் ஆகாயம் மட்டுமே இருந்தால் 10 கிலோமீட்டரில் இழப்பது 111 டெசிபல். கூட்டிக் கழித்தால் மறுமுனையில் மைனஸ் 69 வந்து சேரும். வாங்கும் ரேடியோ மைனஸ் 105 வரை மெலிந்த சிக்னலையும் படிக்கும் என்றால் கையிருப்பு 36 டெசிபல். பத்து டெசிபல் போனால் வலிமை பத்தில் ஒன்றாகும் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய கையிருப்பு என்பது புரியும். ஒப்பந்தக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் நடுவில் இருப்பது வெறும் ஆகாயம் அல்ல. எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று களத்தில் பலரும் நம்புகிறார்கள். ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. இரு முனைகளிலும் ஒடுங்கி நடுவில் பருத்த ஒரு கதிரின் வடிவில் அது இடம் எடுத்துக்கொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியை ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரெனெல் பெயரால் அந்த இடத்தை ஃபிரெனெல் மண்டலம் என்கிறோம். மேலே சொன்ன 10 கிலோமீட்டர் பாதையில், சரிபாதி தூரத்தில் அதன் ஆரம் 29 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது ஏறக்குறைய 18 மீட்டர், பார்வைக் கோட்டுக்குக் கீழே தடையில்லாமல் இருந்தால்தான் அந்த மைனஸ் 69 கைக்கு வரும். ஒரு முனையில் 20 மீட்டர் உயரத் தொட்டி, மறுமுனையில் மோட்டார் அறையின் மேல் 10 மீட்டர்க் கம்பம் என்றால் நடுவில் கோடு தரையிலிருந்து 15 மீட்டரில் போகும். வளர்ந்த தென்னை அதைவிட உயரம். ஒரு தடையின் உச்சியைக் கோடு உரசிக்கொண்டு போனாலே 6 டெசிபல் போய்விடும். நூறு மீட்டர் ஆழமுள்ள அடர்ந்த தோப்புக்குள் நுழைந்து வெளியேறினால், வைஸ்பெர்கர் வகுத்த மரச்செறிவுச் சூத்திரத்தின்படி ஏறக்குறைய 19 டெசிபல். 36-இல் மிஞ்சுவது 11.

இந்தத் தோப்பு மேசையில் தெரியாது. பாதைக் கணிப்பு மென்பொருள்களில் பல, 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றிவந்து ரேடாரால் எடுத்த நில உயரத் தரவைத்தான் இன்னும் அடித்தளமாகக் கொண்டிருக்கின்றன. அருமையான தரவு. உலகத்துக்கு இலவசமாகக் கிடைத்த கொடை. ஆனால் அந்த ரேடார் சில இடங்களில் மரத்தின் தலையைப் பார்த்தது, சில இடங்களில் பாதி மரம் வரை ஊடுருவியது, சில இடங்களில் தரையைத் தொட்டது. அந்த ஆண்டு நட்ட தென்னங்கன்று அதன் கணக்கில் கன்றாகக்கூட இல்லை. இன்று அது வானத்தைத் தொட்டு நிற்கிறது. நேர்மாறாகவும் நடக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. ஒரே இரவில் அந்த மண்ணின் ரேடியோ பாதைகளும் வேறாயின. திரும்ப நட்ட கன்றுகள் இப்போது ஏறிக்கொண்டிருக்கின்றன. இதையெல்லாம் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கம்பத்தோடு அங்கே போய் நிற்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

இன்னொரு நன்மையை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. சோதனைக்குப் போகிற பொறியாளர் அந்த இடத்து மனிதர்களைச் சந்திக்கிறார். எந்தத் தொட்டியில் குரங்கு கேபிளைக் கடிக்கும், எந்த மோட்டார் அறை ஐப்பசியில் முழங்கால் வரை தண்ணீரில் நிற்கும், பக்கத்துக் கல்குவாரியில் எப்போது வெடி வைப்பார்கள் என்று வாட்ச்மேனும் ஆபரேட்டரும் சொல்லிவிடுவார்கள். சிக்னல் எண்ணைவிட இந்தப் பேச்சு பல தடவை எனக்கு உதவியிருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே?

பாதைச் சோதனையின் ஆதாரமான பலவீனம், அது ஒரு கணத்தை அளந்து ஓர் ஆண்டைப் பற்றிப் பேசுவது. இதில் எனக்கு வியப்பாகப் படும் ஒரு முரண் உண்டு. 1968-இல் அமெரிக்காவின் ஆனிட்டா லாங்லியும் ஃபில் ரைஸும் மேடுபள்ளமான நிலத்தில் ரேடியோ இழப்பைக் கணிக்கும் கணினி முறையை வெளியிட்டார்கள். இன்றைக்கும் பல மென்பொருள்களின் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது அதுதான். அந்த முறை ‘இவ்வளவு சிக்னல் வரும்’ என்று ஒற்றையாகச் சொல்வதில்லை. இத்தனை விழுக்காடு நேரத்தில், இத்தனை விழுக்காடு இடங்களில், இவ்வளவு என்றுதான் சொல்லும். நேரத்துக்கு நேரம் மாறும் என்பது அதன் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. ஆக, தோப்பைப் பார்க்காத மேசைக் கணக்கு தன் நிச்சயமின்மையை ஒப்புக்கொள்கிறது. தோப்பைக் கண்ணால் கண்ட களச் சோதனையோ ஒற்றை எண்ணைக் கொடுத்துவிட்டு வாய் மூடிக்கொள்கிறது. கண்ணால் கண்டது என்பதாலேயே அதை நாம் கூடுதலாக நம்புகிறோம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பதே தவறு. கணிப்பு சொல்லும் ஏற்ற இறக்கத்தின் மேல் களத்தின் எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். நம் படிவங்களில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சோதனைக் குழு காலையில் கிளம்பி, பதினொரு மணிக்கு மேல் களத்தைத் தொட்டு, மாலை நாலு மணிக்குள் முடிக்கும். அலுவலக வாகனத்தின் நேரம் அது. அதே நேரத்தில்தான் வெயிலில் சூடேறிய தரை காற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். மேலும் கீழும் கலந்த காற்றில் ரேடியோ அலை பெரும்பாலும் ஒழுங்காகப் போகும். காற்றசைவு இல்லாத, வானம் தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, கீழே குளிர்காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காகப் படியும். அந்த அடுக்குகள் அலையை வளைக்கும். ஒரே சிக்னல் இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எங்கோ தொலைவில் அதே அலைவரிசையில் பேசும் அந்நிய ரேடியோவும் உள்ளே வரும். பாதை நீளமாக ஆக இது கூடும். மார்கழி, தை மாதத்து விடியற்காலை இதற்குத் தோதான நேரம். நாங்கள் அளந்ததோ சித்திரை நண்பகல். ஓராண்டில் அந்தப் பாதை இருக்கக்கூடிய நல்ல நிலைகளில் ஒன்றைத் தேடிப் போய் அளந்துவிட்டு, அதையே அதன் இயல்பு என்று எழுதிவைத்தோம்.

எனது மைனஸ் 84-க்கும் ரேடியோவின் எல்லையான மைனஸ் 105-க்கும் இடையே 21 டெசிபல் கையிருப்பு இருந்தது. பல வழிகளில் சிதறி வரும் சிக்னலுக்குப் பொறியாளர்கள் கையாளும் ஒரு கணக்கு உண்டு: 10 டெசிபல் கையிருப்பு 90 விழுக்காடு நேரத்துக்குக் காப்பு, 20 என்றால் 99, 30 என்றால் 99.9. நேரான பாதை தெளிவாக இருந்தால் நிலைமை இதைவிட மேலாகவே இருக்கும், எனவே இதை மோசமான நிலைக்கான கணக்காகக் கொள்ளலாம். 99 விழுக்காடு என்று காதில் விழும்போது முழுமைபோல் ஒலிக்கிறது. ஒரு நாளில் ஒரு விழுக்காடு என்பது 14 நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த 14 நிமிடமும் அங்கொன்று இங்கொன்றாக விழுந்தால் யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் இருந்துவிட்டு, தை மாதத்து நாலைந்து விடியற்காலைகளில் மொத்தமாக விழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, ‘நூறு செய்தி அனுப்பினோம், நூறும் போய்ச் சேர்ந்தது’ என்று எழுதும் பழக்கம். நூறில் ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் உண்மையான தவறு விகிதம் சுழி என்று பொருளல்ல. அது 3 விழுக்காடு வரை இருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் அனுமதிக்கும் முடிவு. 99.9 விழுக்காட்டை நிலைநாட்ட வேண்டுமானால் பிழையே இல்லாமல் ஏறக்குறைய 3,000 செய்திகள் போய்ச் சேர வேண்டும். அதுவும் அவை ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் அடுத்தடுத்து அனுப்பிய நூறு செய்திகள் நூறு சோதனை அல்ல. ஒரே காற்றிடம், ஒரே வெயிலிடம் ஒரே கேள்வியை நூறு தடவை கேட்டதற்குச் சமம்.

இடத்திலும் இதே சிக்கல் உண்டு. 866 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். தரையிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் அரை அலைநீளத்துக்குள் கூடவும் செய்யும், கழியவும் செய்யும். கம்பத்தை ஒரு சாண் நகர்த்தினால் எண் மாறுவதைக் களத்தில் நின்ற எல்லோரும் பார்த்திருப்பார்கள். நல்ல எண் வரும்வரை நகர்த்தி, அது வந்ததும் எழுதிக்கொள்வதும் எல்லோரும் செய்ததுதான். நானும் செய்திருக்கிறேன். பிறகு நிரந்தர ஆன்டெனாவை அதே சாணில் யாரும் பொருத்துவதில்லை. கைப்பிடிச்சுவரில் போல்ட் போட வசதியான இடத்தில்தான் பொருத்துகிறார்கள். சுற்றிலும் ஐந்தாறு இடத்தில் அளந்து, சராசரியையும் மிகக் குறைந்ததையும் இரண்டையும் எழுதினால் இந்தப் பிழை பெரும்பாலும் போய்விடும். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

அளக்கும் பொருளையே எடுத்துக்கொண்டால் இன்னொரு குறை தெரிகிறது. கருவி காட்டுவது வந்து சேர்ந்த வலிமையை. செய்தி புரிவதற்கு வலிமை மட்டும் போதாது, அந்த இடத்தின் இரைச்சலைவிட அது மேலே நிற்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் பேசினாலும் காதில் விழாமல் போவதுபோல. பாதையின் இழப்பு இரு திசையிலும் ஒன்றே, ஆனால் இரைச்சல் முனைக்கு முனை வேறு. ஆகவே ஒரு முனையில் மட்டும் அளந்த சோதனை பாதிச் சோதனைதான். நீரேற்று நிலையத்தில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகள் ஓடும்போது எழும் இரைச்சல், 150 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் பழைய ரேடியோக்களைப் படுத்திவிடும். சோதனை நடப்பதோ மோட்டார்கள் வந்து இறங்குவதற்கு முந்தைய மாதம். உயர்ந்த அலைவரிசைக்குப் போனால் தப்பிக்கலாம் என்றால் அங்கே வேறு அண்டைவீட்டார் இருக்கிறார்கள். 868-க்கு மேலே, 869 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது செல்பேசிக் கோபுரங்கள் அனுப்பும் பட்டைகளில் ஒன்று. நம் ஆன்டெனா நிற்கும் இடத்துக்கு அருகிலேயே அப்படியொரு கோபுரம் எழுந்தால், நம் சிக்னலின் வலிமை கொஞ்சமும் குறையாமல் இருக்கும்போதே வாங்கும் ரேடியோவின் காது அடைத்துவிடும். படிவத்தின்படி எல்லாம் நன்று. களத்தில் செய்தி இல்லை.

இதற்கு ஒரு பழைய, எளிய மருந்து இருக்கிறது. அளவுகருவியை நம்பாமல், ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே டெசிபல் டெசிபலாகக் குறைக்கும் அட்டென்யூவேட்டரைச் செருகுவது. இணைப்பு அறுகிறவரை குறைத்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை டெசிபலில் அறுந்ததோ அதுதான் உண்மையான கையிருப்பு. அங்கே இருக்கும் இரைச்சல், கேபிளின் இழப்பு, ரேடியோவின் தரம் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும். வலிமையை அளப்பதைவிட இது நேர்மையான சோதனை. இதைக் கட்டாயமாக்கினால் படிவங்களில் பாதி ‘நன்று’ காணாமல் போகும் என்பது என் கணிப்பு. கேபிளை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்: 866 மெகாஹெர்ட்ஸில் மலிவான மெல்லிய கேபிள் 30 மீட்டருக்கு 15 டெசிபல் அளவுக்குத் தின்றுவிடும், தடித்த நல்ல கேபிள் 4 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளும். சோதனைக் குழு கொண்டுபோவது இரண்டு மீட்டர்க் கேபிள். பிறகு பொருத்தப்படுவது முப்பது மீட்டர். கனெக்டரின் மேல் ஒட்டும் நாடாவைச் சரியாகச் சுற்றாவிட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அந்த இழப்பை எந்த முன்சோதனையும் பிடிக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கனெக்டர் அப்போது பிறக்கவே இல்லை.

யார் சோதிக்கிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் சோதித்தால் செலவு போட்டியாளர்கள் ஒவ்வொருவர் தலையிலும் விழும். வேலை கிடைக்குமா என்று தெரியாதவர் ஒரு பாதைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்கமாட்டார். வேலை கிடைத்த பிறகு சோதித்தால் கம்பங்களின் உயரமும் எண்ணிக்கையும் மதிப்பீட்டில் ஏற்கனவே அச்சாகிவிட்டிருக்கும். சமதளத்தில் ஆன்டெனாவின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் கிடைக்கும், ரேடியோவின் திறனை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். ஆனால் உயரம் என்பது இரும்பு, சிமென்ட், பணம். 10 மீட்டர்க் கம்பத்துக்கு விலை கொடுத்தவர் 20 மீட்டர் தேவை என்று தானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என எதிர்பார்ப்பது மனிதர்களை அளவுக்கு மீறிச் சோதிப்பது. அவர்களை நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. கெட்ட செய்தியைக் கொண்டுவருகிறவர் கைக்காசை இழக்கும்படி ஏற்பாட்டை வைத்திருக்கிறோம் என்கிறேன். பாதைச் சோதனையைத் தனி வேலையாக, பொருத்துகிறவர் அல்லாத வேறொருவருக்குக் கொடுத்து, ‘இது முடியாது’ என்ற பதிலுக்கும் அதே கூலியைக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பாதையும் தனித்தனியே தேறிவிட்டாலும் எல்லாம் சேர்ந்து ஓடும்போது வேறு கதை. மைய நிலையம் வாத்தியார் வருகைப்பதிவு எடுப்பதுபோல் ஒவ்வொரு தொட்டியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும். 60 நிலையம், ஒன்றுக்கு ஒரு நொடி என்றால் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். பத்து நிலையங்களின் பாதை மெலிந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நொடி வீதம் மூன்று முறை காத்திருக்க நேர்ந்தால் அந்தப் பத்தே 90 நொடியைத் தின்றுவிடும். சுற்று 140 நொடி ஆகும். நல்ல பாதையில் இருக்கும் ஐம்பது தொட்டிகளும் தங்கள் முறைக்காகக் காத்து நிற்கும். ஒரு பாதையின் நோய் அதோடு நிற்காது என்பதை, பாதை பாதையாகச் செய்யும் சோதனை ஒருபோதும் காட்டாது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மரூச்சி ஷயரில் 142 கழிவுநீர் நீரேற்று நிலையங்கள் ரேடியோ வழியாகக் கண்காணிக்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே விளங்காத கோளாறுகள் எழுந்தன. ஓட வேண்டிய பம்புகள் ஓடவில்லை, அடிக்க வேண்டிய எச்சரிக்கைகள் அடிக்கவில்லை, மையத்துக்கும் நிலையங்களுக்கும் தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. புதிதாக நிறுவிய அமைப்பின் கோளாறு என்றுதான் முதலில் தேடினார்கள். ரேடியோ செய்திகளை வரிசையாகப் பதிவு செய்து உட்கார்ந்து ஆராய்ந்த பிறகே யாரோ வேண்டுமென்றே கட்டளைகளை அனுப்புகிறார் என்பது தெரிந்தது. அந்த அமைப்பை நிறுவிய நிறுவனத்தில் முன்பு வேலை செய்த ஒருவர் வண்டியில் ரேடியோவையும் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு, தானே ஒரு நீரேற்று நிலையம் என்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஏப்ரலில் பிடிபடுவதற்குள் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஓடையிலும் ஒரு விடுதியின் வளாகத்திலும் பாய்ந்துவிட்டது. ஓடை நீர் கறுத்தது, நீர்வாழ் உயிர்கள் மடிந்தன. 2001-இல் அவருக்கு இரண்டாண்டு சிறை.

இதை இணையப் பாதுகாப்புக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இது பாதைச் சோதனையின் கதையும்கூட. அந்த வண்டியிலிருந்து போன சிக்னலை நம் படிவத்தில் எழுதியிருந்தால் ‘நன்று’ என்றுதான் குறித்திருப்போம். சிக்னல் வந்ததா என்று கேட்கிறோம், யாருடையது என்று கேட்பதில்லை. இது முதல் பாடம். இரண்டாவதை அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். ரேடியோ என்றால் அவ்வப்போது அறுகத்தான் செய்யும் என்று நாம் பழகிவிட்டால், வேண்டுமென்றே அறுக்கப்படுவதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவோம். இந்தப் பாதை எந்த மாதத்தில், எந்த மணிக்கு, எவ்வளவு மெலியும் என்ற பதிவு கையில் இருந்தால்தான் அதற்கு மாறாக நடப்பது கண்ணில் படும். பதிவு இல்லாத இடத்தில் விபரீதமும் வழக்கமும் ஒரே முகத்தோடு வரும்.

ஆகவே சோதனையை விட்டுவிடச் சொல்லவில்லை, நிறுத்தாதீர்கள் என்கிறேன். முதல் நாள் எண்ணுக்கு மதிப்பு உண்டு. பிறகு வரும் எண்களை அதோடு ஒப்பிடும்போது அந்த மதிப்பு பிறக்கிறது. இன்றைய ரேடியோக்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு செய்தியோடும் தம் சிக்னல் வலிமையைத் தாமே சொல்லிவிடுகின்றன. மையக் கணினியில் அந்த எண் வந்து விழுகிறது, யாரும் சேமிப்பதில்லை. நீர்மட்டத்தைச் சேமிக்கும் அதே கோப்பில் இன்னொரு நெடுவரிசை சேர்த்தால் போதும். இன்று சிம் கார்டு போட்ட மோடங்கள் இந்த ரேடியோக்களின் இடத்தைப் பிடித்து வருகின்றன. அங்கே சோதனை என்பது செல்பேசியில் எத்தனை கோடு தெரிகிறது என்று பார்ப்பதாகச் சுருங்கிவிட்டது. கோபுரம் நம்முடையது அல்ல என்பதால் அங்கே பதிவு இன்னும் தேவை.

அந்தத் தை மாதப் புகாருக்கு வருகிறேன். மறுபடியும் நண்பகலில்தான் போனோம், மறுபடியும் மைனஸ் 84-ஐ ஒட்டியே வந்தது. கேபிளை மாற்றினோம், கனெக்டரை மாற்றினோம். ஒன்றும் பிடிபடவில்லை. கிளம்பும்போது இரவு முறை பார்க்கும் ஆபரேட்டர் சொன்னார்: “சார், இது விடியக்காலம் நாலு மணிக்குத்தான் படுத்துக்கும். வெயில் ஏறினா தானா எந்திரிச்சுக்கும்.” எப்படித் தெரியும் என்று கேட்டேன். மோட்டார் அறை ஜன்னலிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். தொட்டி வழிந்தால் தன் மேல் பழி வரும் என்று, செய்தி அறுந்த நேரத்தையும் திரும்ப வந்த நேரத்தையும் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். சில வரிகளில் ‘பனி’ என்று ஒரு சொல். அதைப் போட்ட நாட்களில் எல்லாம் நாலிலிருந்து ஏழுவரை செய்தி இல்லை.

பாதையின் நடுவே, சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வேண்டும் என்று எழுதினேன். ஆதாரமாக இணைக்க அலுவலகத்துச் சோதனை அறிக்கை பயன்படவில்லை. நோட்டின் பக்கங்களை நகலெடுத்து இணைத்தேன். அனுமதி கிடைத்தது. ரிப்பீட்டருக்குப் பார்த்துவைத்த கரட்டின் மேல் ஆன்டெனாவைக் கட்டி அளந்தபோது, அன்றைய எண்ணை எழுதிக்கொண்டு கருவியை இறக்கவில்லை. அடுத்த மார்கழி வரும்வரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். நோட்டில் இன்னொரு கோடு போட்டு, புதிய நெடுவரிசைக்கு ‘கரடு’ என்று தலைப்பு எழுதிக்கொண்டார் ஆபரேட்டர்.